ஆயுதக் குழுக்களைப் பற்றி ராணுவங்கள் என்ன கண்டுபிடித்தன, எதைக் காதில் வாங்கவில்லை

கேள்வி இது: அரசு சாராத ஆயுதக் குழுக்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று ராணுவங்கள் ஏராளமாகச் செலவழித்து ஆய்வு நடத்துகின்றன. அதில் உருப்படியாக ஏதாவது தெரியவந்திருக்கிறதா, இல்லை மேலிடம் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு ஆதாரம் தேடிக் கொடுக்கிற வேலைதானா?

இரண்டுமே நடந்திருக்கிறது. சில சமயம் ஒரே திட்டத்துக்குள், அதே பேட்டிகளை வைத்தே நடந்திருக்கிறது. நான் பல வருடமாக இந்த விஷயத்தைத் தேடித்தேடி வாசிக்கிறவன். எனக்குப் பட்டதைச் சுருக்கமாகச் சொன்னால், சரியான பதில் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கிடைத்துவிடுகிறது, அதைக் கேட்க ஆள் இருப்பதில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வியட்நாம் கதையைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

இந்த வகை ஆய்வின் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. ஜெர்மன் ராணுவம் தோற்கப்போகிறது என்று தெரிந்த பிறகும் அதன் சிப்பாய் ஏன் சண்டையை விடவில்லை என்று நேச நாடுகளின் உளவியல் போர்ப் பிரிவு கைதிகளை விசாரித்தது. அங்கே வேலை பார்த்த எட்வர்ட் ஷில்ஸும் மோரிஸ் ஜனோவிட்ஸும் 1948இல் எழுதிய கட்டுரை, ஹிட்லரின் கொள்கையைவிட பக்கத்தில் படுத்திருக்கும் நாலைந்து தோழர்களோடு இருந்த பிணைப்புதான் அவனைப் பிடித்து வைத்தது என்றது. அது அரசாங்க ராணுவத்தைப் பற்றிய ஆய்வு, சரி. ஆனால் பின்னால் கெரில்லாக்களைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் இந்த அச்சில் வார்த்தவைதான்: பிடிபட்டவனிடம் கேள், எது அவனைப் பிடித்து வைத்திருந்தது என்று பார், அதை அறுக்க வழி தேடு. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் சரணடைந்த 60 சீனக் கம்யூனிஸ்டுகளை லூசியன் பை பேட்டி கண்டு 1956இல் எழுதியதும் இந்த வழியில் வந்ததுதான். மார்க்ஸை விட, மாறிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தில் தனக்கு ஒரு இடமும் முன்னேற்றமும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே அவர்களில் பலரை உள்ளே இழுத்தது என்று அவர் கண்டார்.

இனி வியட்நாம். 1964இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்திடம் ஒரு வேலையைக் கொடுத்தது: தென் வியட்நாம் அரசை எதிர்த்துச் சண்டையிடும் வியட்காங் என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் யார், எது அவர்களை நகர்த்துகிறது? ஜோசப் ஜாஸ்லாஃப், ஜான் டோனல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சைகானுக்குப் போய், வியட்நாமியப் பேட்டியாளர்களைச் சேர்த்துக்கொண்டு, கைதிகளிடமும் ஓடிவந்தவர்களிடமும் பேச ஆரம்பித்தார்கள். 1968இல் திட்டம் முடியும்போது கிட்டத்தட்ட 2,400 பேட்டிகள், சுமார் 62,000 பக்கங்கள். இவ்வளவு பெரிய அளவில் ஒரு கெரில்லா இயக்கத்தின் ஆட்களிடம் உட்கார்ந்து கதை கேட்டது அதற்கு முன் நடந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை.

பேட்டி எடுத்தவர்களில் ஒருவர் மாய் எலியட். வடக்கிலிருந்து தெற்குக்கு வந்த அதிகாரி குடும்பத்துப் பெண், கம்யூனிஸ்டுகள் மேல் பயத்தோடு வளர்ந்தவர். அவருடைய சொந்த அக்காவே பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த வியட்மின் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் பக்கம் போயிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சிறையில் முதல் முதலாக ஒரு மூத்த வியட்காங் ஆளைச் சந்திக்கப் போனபோது முரட்டு மனிதர் ஒருவர் வரப்போகிறார் என்று நினைத்திருந்தார். எதிரே வந்து உட்கார்ந்தவர் நிதானமான, மரியாதையான, தான் செய்ததில் துளி சந்தேகமும் இல்லாத மனிதர். ஒரு ஆய்வாளர் தன் மனதில் வைத்திருந்த படம் ஒரே மத்தியானத்தில் கலைகிற தருணம் அது. இந்தத் துறையில் நல்ல வேலை செய்த எல்லோருக்கும் இப்படி ஒரு மத்தியானம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஜாஸ்லாஃபும் டோனலும் முதல் சில மாதங்களிலேயே கண்டது இதுதான்: இவர்கள் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு வந்த கும்பல் இல்லை. நிலம், ஊர் அதிகாரிகளின் அட்டூழியம், பிரெஞ்சுக்காரன் போனபின் அமெரிக்கன் வந்தான் என்ற தேசிய உணர்வு, இவற்றால் சேர்ந்தவர்கள், ஒழுக்கமானவர்கள், எளிதில் உடைய மாட்டார்கள். இதை வாஷிங்டனில் விளக்கியபோது, கேட்டுக்கொண்டிருந்த பாதுகாப்புத் துறை உயரதிகாரி ஜான் மக்நாட்டன், நீங்கள் சொல்வது உண்மையானால் நாம் தப்பான பக்கத்தில் நின்று சண்டை போடுகிறோம் என்ற பொருளில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. ஆக, காதில் விழாமல் இல்லை.

அப்புறம் லியோன் கூரே என்ற இன்னொரு ராண்ட் ஆய்வாளர் திட்டத்தைத் தலைமையேற்று நடத்த வந்தார். மாஸ்கோவில் பிறந்தவர். குடும்பம் முதலில் சோவியத் ஆட்சியிடமிருந்தும் பிறகு நாஜிகளிடமிருந்தும் தப்பி ஓடியது. அதே பேட்டிகளைப் படித்துவிட்டு, வெடிகுண்டு வீச்சில் வியட்காங்கின் மனவுறுதி நொறுங்கிக்கொண்டிருக்கிறது என்றார். குண்டு விழும் ஊர்க்காரன் தன் ஊருக்கு வியட்காங் வருவதையே வெறுக்கத் தொடங்கிவிட்டான் என்றார். இது வெள்ளை மாளிகைக்கு வேண்டிய செய்தி. பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா திட்டத்துக்கான நிதியைப் பல மடங்கு கூட்டினார், கூரே ஒவ்வொரு தளபதியாகப் போய் விளக்கவுரை கொடுத்தார். அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் நம்பவில்லை. ஓடிவந்த ஒருவன் குண்டுக்குப் பயந்துதான் வந்தேன் என்று சொல்வது உண்மைதான், அப்படிச் சொன்ன பேட்டிகள் நிறையவே இருந்தன. ஓடிவராதவன் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை, அதுதான் கோளாறு.

அதே காகிதங்களை ராண்டிலேயே இருந்த கொன்ராட் கெல்லன் படித்தார். ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதர், உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் உளவியல் போர்ப் பிரிவில் வேலை பார்த்தவர், அதனால் தோற்றுக்கொண்டிருக்கும் படையின் கைதி எப்படிப் பேசுவான் என்று அவருக்குத் தெரியும். வியட்காங் கைதிகள் அப்படிப் பேசவில்லை என்பது அவருக்கு உறைத்தது. ஒரு வியட்காங் அதிகாரியிடம் உங்களால் இந்தப் போரில் வெல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள், இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சரி, அமெரிக்காவால் வெல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள், யோசித்துவிட்டு அதற்கும் இல்லை என்றார். முதல் பதிலை மட்டும் வாசித்தால் மனம் ஒடிந்த ஆள். இரண்டையும் சேர்த்து வாசித்த கெல்லன், இவர் வெற்றி தோல்விக் கணக்கே போடவில்லை, இப்படிப்பட்டவரை இழப்பைக் காட்டி மிரட்ட முடியாது என்று புரிந்துகொண்டார். 1969இல் போரை விட்டு வெளியேறச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட ஆறு ராண்ட் ஆய்வாளர்களில் டேனியல் எல்ஸ்பர்கோடு கெல்லனும் ஒருவர்.

இதே காலத்தில் அமெரிக்க ராணுவம் கேமலாட் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, எந்த நாட்டில் எப்போது உள்நாட்டுக் கலகம் வெடிக்கும் என்று முன்கூட்டியே கணிக்கப் பார்த்தது. சிலியில் இருந்த நார்வே சமூகவியலாளர் யோஹான் கால்டுங்கைச் சேரச் சொல்லி அழைத்தார்கள், அவர் மறுத்தார், பணம் ராணுவத்துடையது என்ற விஷயம் அங்கே வெளியே வந்து பெரிய ரகளையாகி, 1965 ஜூலையில் மூடிவிட்டார்கள். நாற்பது வருடம் கழித்து இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் மானுடவியலாளர்களைப் படைப்பிரிவுகளோடு அனுப்பிய திட்டமும் (2007 முதல் 2014 வரை ஓடியது) ஏறக்குறைய இதே காரணத்துக்காக அடிவாங்கியது. உங்கள் குறிப்பேட்டில் இருக்கும் பெயர் நாளை யாருடைய தாக்குதல் பட்டியலில் வரும் என்று உங்களுக்குத் தெரியாது என்பதுதான் மானுடவியலாளர்கள் சொன்ன முக்கியமான எதிர்ப்பு. அந்தத் திட்டத்தில் போன சமூக அறிவியலாளர்கள் மூன்று பேர் உயிரையும் கொடுத்தார்கள். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி, உருப்படியாக என்ன தெரியவந்தது என்பதற்கு வருகிறேன். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவன் ஏன் சேர்ந்தான் என்பது ஒரு கேள்வி. குழு ஏன் அப்படிச் செய்கிறது என்பது வேறொரு கேள்வி. பொதுப் பேச்சில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம், ஆய்வறிக்கைகளிலும் பல இடத்தில் குழப்புகிறார்கள்.

சேர்வதைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்வது பணம். வேலை இல்லாத இளைஞன், கையில் காசைத் திணித்துத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள் என்று. இராக்கில் அமெரிக்கப் படை கைப்பற்றிய அல்-கொய்தாவின் கணக்குப் புத்தகங்களை ராண்ட் ஆய்வாளர்கள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். ஒரு போராளிக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 41 டாலர் அளவில், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியாகப் படி. அதே காலத்தில் அங்கே செங்கல் அடுக்குகிற கொத்தனார் 150 டாலர் அளவில் சம்பாதித்தார். கொத்தனார் வேலையில் குண்டடி பட்டுச் சாகும் ஆபத்தும் இல்லை. அப்படியானால் காசுக்காகத்தான் போனான் என்ற விளக்கம் நிற்காது. அந்தக் கணக்குகளில் என் கண்ணில் நின்றது வேறு ஒன்று: ஆள் செத்தாலும் சிறைக்குப் போனாலும் குடும்பத்துக்குப் படி தொடர்ந்து போகிறது. நீ போனால் உன் வீட்டைப் பார்த்துக்கொள்வோம் என்ற வாக்கைக் காப்பாற்றும் அமைப்பு அது.

வேலையின்மையைப் பற்றியும் இப்படித்தான். எலி பெர்மன், ஜேக்கப் ஷாபிரோ, மைக்கேல் காலன் ஆகியோரும், அமெரிக்க ராணுவத்தில் கர்னலாக இருந்த ஜோசப் ஃபெல்டரும் இராக், ஆப்கானிஸ்தான், பிலிப்பைன்ஸ் மூன்று நாட்டுத் தரவுகளையும் வைத்துப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். வேலையின்மை கூடிய இடத்தில் தாக்குதல் கூடும் என்றுதானே எதிர்பார்ப்போம், கிடைத்தது அதற்கு எதிர்மாறு. காரணம் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். சோதனைச் சாவடி, சாலை அடைப்பு என்று கெடுபிடி கூடினால் வியாபாரமும் படுக்கும், தாக்குதலும் குறையும். வறுமையில் இருப்பவர்களிடம் தகவலை விலைக்கு வாங்குவதும் அரசுக்குச் சுலபம். எது சரி என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் வேலை கொடுத்தால் துப்பாக்கி கீழே விழும் என்ற ஒற்றை வரிச் சூத்திரத்தை நம்பி உதவித்தொகையைக் கொட்டியவர்களுக்கு இது நேரான மறுப்பு.

பணம் இல்லை என்றால் வேறு எது? திரும்பத் திரும்பக் கிடைக்கும் பதில் மிகச் சாதாரணமானது: கூட்டாளிகளும் சொந்தக்காரர்களும். முன்னாள் சிஐஏ அதிகாரியும் மனநல மருத்துவருமான மார்க் சேஜ்மன் உலகளாவிய ஜிகாதி வலைப்பின்னலைச் சேர்ந்த 172 பேரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்தார். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இருந்த நட்பு வழியாகவோ உறவு வழியாகவோதான் உள்ளே வந்திருந்தார்கள். மூளைச்சலவை, மனநோய் என்ற விளக்கங்களுக்கு அந்தத் தரவில் இடமே இல்லை. 2007இல் சிஞ்சார் என்ற இராக்கிய ஊருக்கு அருகே கிடைத்த படிவங்களும் இதையே காட்டின. வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த சுமார் 700 பேருக்கு இராக்கின் அல்-கொய்தா அமைப்பு படிவம் நிரப்பியிருந்தது: பெயர், ஊர், பார்த்த வேலை, கொண்டுவந்த பணம், எதற்கு வந்தாய், போராளியாகவா தற்கொலைத் தாக்குதலுக்கா. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் ஆய்வு மையம் அதை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, லிபியாவின் டெர்னா என்ற சிறிய கடலோர ஊரிலிருந்து 52 பேர். ரியாத் போன்ற பெருநகரத்திலிருந்து 51. கொள்கைதான் காரணம் என்றால் அது லிபியா முழுக்கப் பரவியிருக்கிறது, வறுமைதான் காரணம் என்றால் அதைவிட ஏழை ஊர்கள் எத்தனையோ. ஒரு தெருவில் ஒருவன் போனான், அவனைப் பார்த்து அவன் தோழன் போனான் என்பதைத் தவிர இந்த எண்ணிக்கையை விளக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்னொரு காட்சி. ஆஸ்திரேலிய ராணுவ அதிகாரியாக இருந்து ஆய்வாளரான டேவிட் கில்கல்லன் பதிவு செய்தது. 2006 மே மாதம், ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில் ஒரு பள்ளத்தாக்கில் அமெரிக்க ரோந்துப் படை பதுங்கித் தாக்குதலில் சிக்கிக்கொண்டது. சுற்றிலும் வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வீட்டுக்கு ஓடிப்போய்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்து சண்டையில் இறங்கினார்கள், சிலர் ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர்களிலிருந்துகூட. பின்னால் விசாரித்தால் அவர்களுக்குத் தாலிபான் மேல் பெரிய பற்று எதுவும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் பல வருடமாக இப்படி ஒன்று நடந்ததில்லை, ஆண்பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்தால் மானம் போய்விடும், அவ்வளவுதான் அவர்கள் சொன்ன காரணம். அந்த நாளின் ராணுவ அறிக்கையில் அவர்கள் எல்லோரும் எதிரிகள் என்ற ஒரே எண்ணிக்கைக்குள் போயிருப்பார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து ஒருவர் தாலிபானுக்கு இங்கே இவ்வளவு ஆதரவு என்று கணக்கிட்டால் அது எவ்வளவு பிசகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி, குழு ஏன் அப்படிச் செய்கிறது. இதில்தான் கடந்த இருபது வருடத்தில் உண்மையான முன்னேற்றம் என்று நான் நினைக்கிறேன், அதுவும் பேட்டிகளைவிடக் கைப்பற்றிய காகிதங்களால். 2001இல் காபூலில் ஒரு பத்திரிகையாளர் வாங்கிய கணினியில் அல்-கொய்தாவின் உள் கடிதங்கள் இருந்தன. 1999இல், பின்னாளில் அல்-கொய்தாவின் தலைவரான அய்மன் அல்-ஜவாஹிரி யேமனில் இருந்த தன் ஆட்களைக் கடிந்துகொண்டு எழுதிய ஒன்றில், 470 டாலருக்குப் புது ஃபேக்ஸ் எந்திரம் எதற்கு வாங்கினாய், பழைய இரண்டும் எங்கே, வாங்குமுன் அனுமதி கேட்டாயா என்று கேட்கிறார். 2013இல் மாலியின் திம்புக்டுவில் அல்-கொய்தாவின் வட ஆப்பிரிக்கக் கிளை விட்டுப்போன இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட செலவுச் சீட்டுகள் கிடைத்தன, மின்விளக்கு, துடைப்பம் வாங்கியதற்குக்கூட. ரகசியமாக இருக்க வேண்டிய அமைப்பு ஏன் இவ்வளவு காகிதம் சேர்க்கிறது? பிடிபட்டால் எல்லோருக்கும் ஆபத்துதானே.

ஷாபிரோ இதற்குச் சொல்லும் விளக்கம் எனக்கு முழுத் திருப்தி. தலைமைக்கும் கீழே இருப்பவனுக்கும் நோக்கம் ஒன்றாக இருப்பதில்லை. கீழே இருப்பவன் காசைச் சுருட்டலாம், இல்லை தலைவன் வேண்டாம் என்று சொன்ன ஆளைக் கொன்று இயக்கத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரலாம். அவனைக் கட்டுக்குள் வைக்கக் கணக்குக் கேட்டே ஆக வேண்டும். கணக்குக் கேட்டால் காகிதம் வரும், காகிதம் வந்தால் ரகசியம் போகும். எந்தக் குழுவும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தள்ளாடுகிறது. திம்புக்டுவில் கிடைத்த இன்னொரு கடிதத்தில், மொக்தார் பெல்மொக்தார் என்ற தளபதியை அந்தக் கிளையின் தலைமை பக்கம் பக்கமாகத் திட்டியிருந்தது: தொலைபேசியை எடுப்பதில்லை, செலவுக் கணக்கு அனுப்புவதில்லை, சொன்ன பெரிய தாக்குதலைச் செய்யவில்லை. அவர் பிரிந்து போனார். 2013 ஜனவரியில் அல்ஜீரியாவின் இன் அமெனாஸ் எரிவாயு ஆலையைப் பிடித்தது அவருடைய ஆட்கள், கிட்டத்தட்ட 40 பிணைக் கைதிகள் இறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது மேற்கு நாடுகளுக்கு எதிரான தாக்குதல். அதுவும் உண்மைதான், ஆனால் பழைய முதலாளிக்குத் தன்னை நிரூபித்துக் காட்டும் முயற்சியும் அதற்குள் இருந்தது என்பதை அந்தக் கடிதத்தைப் படிக்காமல் யாரும் சொல்லியிருக்க முடியாது.

பொதுமக்களைக் கொல்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறி, பழிவாங்கல் என்றுதான் முதலில் தோன்றும். அரசியல் அறிவியலாளர் ஸ்டாதிஸ் கலிவாஸ் கிரேக்க உள்நாட்டுப் போரை ஊர் ஊராக ஆராய்ந்து காட்டியது என்னவென்றால், ஆளைப் பார்த்துத் தேர்ந்து கொல்வது ஒரு தரப்பு முழுக்கக் கையில் வைத்திருக்கும் ஊரிலும் குறைவு, இரண்டு தரப்பும் சமபலத்தில் இருக்கும் ஊரிலும் குறைவு. ஒரு கை சற்றே ஓங்கியிருந்து, மறுதரப்பு இரவில் வந்துபோகும் ஊரில்தான் அதிகம். ஏனென்றால் அங்கேதான் காட்டிக்கொடுக்க ஆளும் கிடைக்கும், காட்டிக்கொடுத்தால் தனக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியமும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் தன் வாய்க்கால் தகராறை இயக்கத்தின் துப்பாக்கியால் தீர்த்துக்கொள்வதும் அங்கேதான். ஜெரமி வைன்ஸ்டீன் என்ற இன்னொரு அரசியல் அறிவியலாளர் வேறு ஒரு காரணத்தைச் சேர்த்தார்: ஆரம்பத்திலேயே வைரமோ வெளிநாட்டுப் பணமோ கையில் இருக்கும் இயக்கத்துக்குப் பிழைக்க வந்தவன்தான் சேருவான், அப்படிப்பட்டவனைக் கட்டுப்படுத்த முடியாது. காசே இல்லாமல் தொடங்கிய இயக்கம் ஊராரின் சோற்றை நம்பி வாழ வேண்டியிருப்பதால் பொறுமையான ஆட்களே மிஞ்சுவார்கள்.

குண்டுவீச்சு விஷயம் இன்னும் முடியவில்லை. கூரேயின் வாதத்துக்கு நேரான சோதனை அரை நூற்றாண்டு கழித்து வந்தது, அதற்குத் தரவைக் கொடுத்ததும் அமெரிக்க ராணுவமே. வியட்நாமில் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் பதில் நிரப்பி, கணினி அதற்கு ஏ முதல் இ வரை பாதுகாப்பு மதிப்பெண் போடும் ஏற்பாடு இருந்தது. கணினி பின்னத்தை முழு எண்ணாக மாற்றும். ஆக, உள்ளே கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்த இரண்டு ஊர்களில் ஒன்று மேலே போய் நல்ல ஊராகும், மற்றது கீழே இறங்கி மோசமான ஊராகி அதிகக் குண்டு வாங்கும். மெலிசா டெல், பாப்லோ கெருபின் இருவரும் இந்த மயிரிழை வித்தியாசத்தைப் பிடித்து ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள்: குண்டு விழுந்த பக்கத்தில் வியட்காங் நடமாட்டம் கூடியது, ஊர் நிர்வாகம் பலவீனப்பட்டது. பின்னத்தை மாற்றும் ஒரு கணக்கு விதியால் எந்த ஊரில் குண்டு விழும் என்பது தீர்மானமானதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் நேர்மையாக இதையும் சொல்லிவிட வேண்டும், செச்சன்யாவில் ரஷ்யப் பீரங்கிகள் குறியில்லாமல் அடித்த ஊர்களை மற்ற ஊர்களோடு ஒப்பிட்டு ஜேசன் லயால் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அடிவாங்கிய ஊர்களில் அதன்பின் கிளர்ச்சித் தாக்குதல் சுமார் 24 சதவீதம் குறைந்திருந்தது. வன்முறை எங்கேயும் எப்போதும் எதிர்விளைவைத்தான் தரும் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, தரவு அப்படிச் சொல்ல விடவில்லை.

அதே லயால் மற்ற இருவரோடு ஆப்கானிஸ்தானில் 204 கிராமங்களில் 2,754 பேரிடம் நடத்திய ஆய்வும் பிடி கொடுக்காத ஒரு விஷயத்தைக் காட்டியது. வெளிநாட்டுப் படையால் பாதிக்கப்பட்டவர்கள் தாலிபான் பக்கம் சாய்ந்தார்கள். தாலிபானால் பாதிக்கப்பட்டவர்கள் அந்த அளவுக்கு வெளிநாட்டுப் படை பக்கம் சாயவில்லை. நம்மவன் அடித்தால் ஒரு கணக்கு, அந்நியன் அடித்தால் வேறு கணக்கு. யாரிடமும் உனக்குத் தாலிபானைப் பிடிக்குமா என்று நேரே கேட்கவில்லை, கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? ஒரு சீர்திருத்த யோசனையைச் சிலரிடம் அப்படியே சொல்லியும், சிலரிடம் இதைத் தாலிபான் ஆதரிக்கிறது என்று சேர்த்துச் சொல்லியும், பதில் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தார்கள்.

இந்தக் கேட்கும் முறைதான் துறையின் பெரிய பலவீனம். கைதியிடம் கேட்டால் கைதி சொல்வது கிடைக்கும். ஆப்கானிஸ்தானில் நேட்டோ 4,000க்கும் மேற்பட்ட கைதிகளிடம் நடத்திய 27,000 விசாரணைகளைத் தொகுத்த அறிக்கை 2012இல் கசிந்தபோது, தாங்கள் வெல்வோம் என்ற நம்பிக்கை அவர்களிடம் குறையவில்லை என்பது தெரிந்தது. சிறையில் இருந்துகொண்டு பிடித்தவன் முகத்துக்கு நேராகச் சொன்னது என்பதால் அதற்கு எடை அதிகம். மறுபக்கம், பிடித்தவனுக்குப் பிடித்த மாதிரிச் சொல்லும் பதிலுக்கு எடை குறைவு. 2009க்குப் பின் இலங்கையில் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்ட முன்னாள் விடுதலைப் புலிகள் 11,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் ஒரு பகுதியினரிடம் உளவியலாளர் ஆரி க்ருக்லான்ஸ்கியின் குழுவினர் கேள்வித்தாள் வைத்து ஆய்ந்தார்கள். தன்னை ஒரு பொருட்டாக மதிக்க வேண்டும் என்ற தாகமே தீவிரத்துக்கு எரிபொருள், தொழிற்பயிற்சி போன்றவற்றில் முழுதாகச் சேர்ந்தவர்களிடம் தீவிரம் குறைந்தது என்று கண்டார்கள். கோட்பாடு மதிக்கத்தக்கது. ஆனால் எப்போது விடுவார்கள் என்று தெரியாமல் முகாமுக்குள் இருக்கும் ஒருவர் அந்தக் கேள்வித்தாளில் எந்தக் கட்டத்தை நிரப்புவார் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புலிகளைப் பற்றிய இன்னொரு பிரபலமான வாதத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ராபர்ட் பேப் 1980 முதல் 2003 வரை நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களைத் தொகுத்தார், அதில் 76 புலிகளுடையவை, எந்த அமைப்பையும்விட அதிகம். மதம் காரணமில்லை, தங்கள் நிலம் என்று நினைப்பதிலிருந்து அந்நியப் படையை வெளியேற்றும் உத்திதான் என்பது அவர் முடிவு. மதம்தான் காரணம் என்ற பேச்சுக்கு அது நல்ல மருந்தாகவும் இருந்தது. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது தாக்குதல் நடந்த இடங்களை மட்டுமே, ஆக்கிரமிப்பு இருந்தும் தற்கொலைத் தாக்குதல் நடக்காத இடங்கள் கணக்கில் வரவில்லை என்று 2008இல் நான்கு அரசியல் அறிவியலாளர்கள் எழுதினார்கள். ஓடிவராத வியட்காங் ஆள் நாற்காலியில் இல்லாத அதே பிரச்சினை.

சண்டையிடும் மனவுறுதியைக் கணிப்பதில் இன்றுவரை தடுமாற்றம்தான். 2014 ஜூனில் இராக்கின் மோசுல் நகரம் ஐஎஸ் கையில் விழுந்தபின், ஐஎஸ்ஸின் மனவுறுதியைக் குறைத்தும் இராக் ராணுவத்தின் மனவுறுதியைக் கூட்டியும் மதிப்பிட்டுவிட்டோம், வியட்நாமில் செய்த அதே தவறு என்று அமெரிக்க உளவுத்துறைத் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 2021 ஆகஸ்டில் காபூலில் மறுபடி அதே கதை. மானுடவியலாளர் ஸ்காட் அட்ரானின் குழு இராக் போர்முனைக்கே போய், பிடிபட்ட ஐஎஸ் ஆட்களிடமும் குர்துப் போராளிகளிடமும் பேசியது, 2017இல் வெளியானது. சிறிதும் பெரிதுமான உடம்புப் படங்களைக் காட்டி, உங்கள் தரப்பு எது, எதிரி எது என்று காட்டச் சொன்னார்கள். ஆயுத பலத்தில் அமெரிக்காவுக்குப் பெரிய உடம்பைக் கொடுத்தவர்கள், உள்ளத்தின் பலம் என்று கேட்டபோது அதைச் சிறியதாக்கினார்கள். விட்டுக்கொடுக்கவே முடியாத ஒன்றுக்காகக் குடும்பத்தையும் துறக்கத் தயாரானவர்களே கடைசிவரை நின்றார்கள் என்பது அவர்களுடைய முடிவு. ஷில்ஸ், ஜனோவிட்ஸ் சொன்ன தோழமைக்கு மேலே ஒன்று இருக்கிறது என்று இதை நான் படிக்கிறேன்.

நன்றாகக் கேட்டு, கேட்டதை அப்படியே பயன்படுத்திய ஒரு உதாரணமும் இருக்கிறது. கொலம்பியாவில் பாதுகாப்பு அமைச்சகம் ஆயுதத்தைக் கீழே வைத்து வந்த ஃபார்க் கெரில்லாக்களிடம் நீண்ட பேட்டி எடுக்கும். அதில் திரும்பத் திரும்ப வந்தது, கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் வீட்டு நினைப்பு தாங்க முடியாது என்பது. 2010 டிசம்பரில் ராணுவத்தினர் காட்டுக்குள் கெரில்லாக்கள் நடக்கும் பாதையோரம் ஒன்பது உயரமான மரங்களில் விளக்குகளைக் கட்டினார்கள். ஆள் நடந்து வந்தால் தானாக எரியும், காட்டுக்கே கிறிஸ்துமஸ் வர முடிந்தால் நீயும் வீட்டுக்கு வரலாம் என்று ஒரு வாசகம் தெரியும். அதன்பின் 331 பேர் வெளியே வந்ததாக அறிவித்தார்கள். அத்தனை பேரும் விளக்கைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்தப் பேட்டி அறையில் ஒருவர் கேள்வித்தாளில் இல்லாத ஒன்றைச் சொல்லியிருக்கிறார், எதிரே இருந்தவர் அதை எழுதி வைத்திருக்கிறார். பின்னால் கொலம்பியாவிலேயே நடந்த இன்னொரு ஆய்வு, கொள்கைக்காகச் சேர்ந்தவர்கள் பொதுவாக எளிதில் விலகுவதில்லை என்றது. அந்த விளக்குகள் யாரைத் தொட்டிருக்கும், யாரைத் தொட்டிருக்காது என்று யோசிக்க அது உதவுகிறது.

இன்றைய நிலை என்ன என்று கேட்டால், 2008இல் அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் ராபர்ட் கேட்ஸ் தொடங்கிய மினர்வா என்ற நிதித் திட்டம்தான் அட்ரான் உட்பட இதில் பலருக்குப் பணம் கொடுத்தது, முடிவுகளை வெளிப்படையாக வெளியிடவும் விட்டது. 2025இல் பென்டகன் அதை நிறுத்திவிட்டது. வியட்நாம் பேட்டிகளில் பெரும்பகுதி இன்றும் யாரும் எடுத்து வாசிக்கக் கிடைக்கிறது. தின் தூங் மாகாணத்தில் மட்டும் எடுத்த சுமார் 400 பேட்டிகள் தனி வரிசையாக இருக்கின்றன. நேரம் இருந்தால் என் விளக்கத்தை விட்டுவிட்டு அதிலிருந்து ஒன்றை எடுத்து முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை வாசியுங்கள். கேட்டவர் எந்தப் பதிலில் மேலே துருவினார், எதைக் கேட்டதும் அடுத்த கேள்விக்குத் தாவினார் என்று பார்த்துக்கொண்டே வாசியுங்கள்.